ஜப்பானியப் போர்விமான மாதிரிக்கு நிறமும் குறியும் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் போர்விமானமாக இருந்த ஜீரோவின் 1/48 அளவு கிட் ஒன்றைத் திறந்தால், உள்ளே நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் மூன்று நான்கு விமானங்களுக்கான குறிகள் இருக்கும். பக்கத்திலேயே எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று காட்டும் படமும் இருக்கும். பிடித்த ஒன்றைத் தேர்ந்து அப்படியே பூசிவிடலாம், தவறில்லை. ஆனால் அந்தத் தாள் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்குப் பின்னால் தெளிவான புகைப்படம் இருக்கலாம், ஒரு விமானியின் முதுமைக்கால நினைவு மட்டும் இருக்கலாம், வேறொரு டெக்கால் தாளைப் பார்த்து வரைந்ததாகவும் இருக்கலாம். எது என்று தாள் சொல்லாது. அதை நாமே தேடிப் பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி.

ஜப்பானிய விமானங்களில் இது கூடுதல் கடினம். 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது தரைப்படையும் கடற்படையும் ஆவணங்களைப் பெருமளவில் எரித்துவிட்டன. வண்ணப் புகைப்படங்கள் மிகக் குறைவு. அமெரிக்கர் கைப்பற்றிய விமானங்களின் படங்கள் நிறைய உண்டு, ஆனால் அவற்றில் பல, மறுபடி பூசப்பட்டோ நிறம் சுரண்டப்பட்டோ நிற்பவை. அதனால் ஒரே ஆதாரத்தை நம்பாமல், பல சிறு ஆதாரங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கப் பழக வேண்டும்.

உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். இந்த விமானம் எந்த மாதம் பறந்தது? எந்தத் தொழிற்சாலையில் செய்தது? எந்தப் படைப்பிரிவுடையது? பூசப்போகும் ஒவ்வொரு குறியும் இந்த மூன்றுக்கும் ஒத்துவர வேண்டும். ஒன்றோடு மோதினாலும் எங்கோ பிழை இருக்கிறது.

முதலில் தொழிற்சாலை

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் கேள்வி இதுதான், அதிகப் பலன் தருவதும் இதுதான். ஜீரோவை வடிவமைத்தது மிட்சுபிஷி நிறுவனம். ஆனால் 1941 நவம்பரிலிருந்து நகாஜிமா நிறுவனமும் அதைத் தயாரித்தது. இரண்டு ஆலைகளும் ஒரே விமானத்தை ஒரே மாதிரி பூசவில்லை.

சாம்பல் நிறக் காலத்து மிட்சுபிஷி ஜீரோவில், உடற்பகுதியின் சிவப்பு வட்டமான ஹினோமாருவுக்கு வெள்ளை வளையம் கிடையாது. நகாஜிமா ஜீரோவில் 75 மி.மீ. அகல வளையம் உண்டு. பின்னாளில் மேற்புறம் பச்சையானபோது, பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடும் வேறுபட்டது. மிட்சுபிஷியில் அந்தக் கோடு இறக்கையின் பின்விளிம்பிலிருந்து வால்முனை வரை ஏறக்குறைய நேராகப் போகும். நகாஜிமாவில் அது வளைந்து மேலேறிக் கிடைவாலின் முன்விளிம்பைத் தொடும். மங்கலான படத்தில்கூட இந்த வளைவு தெரியும். காக்பிட் உட்புறப் பச்சையும் இரண்டிலும் ஒன்றல்ல. மிஸ்டர் கலர் என்ற மாதிரிப் பூச்சு வரிசையில் 126 மிட்சுபிஷி காக்பிட்டுக்கும் 127 நகாஜிமா காக்பிட்டுக்கும் தனித்தனியாக இருப்பது இதனால்தான்.

இதோடு மாடல் எண்ணையும் சேர்த்தால் இன்னும் நிறையத் தெரியவரும். ஜீரோவின் மாடல் எண்ணில் முதல் இலக்கம் உடலமைப்பின் மாற்றத்தையும் இரண்டாவது இலக்கம் எஞ்சினையும் குறிக்கும். மாடல் 21, 12 மீட்டர் இறக்கையும் சகாயே 12 எஞ்சினும் கொண்டது. மாடல் 32, சகாயே 21 எஞ்சினும் நுனி வெட்டிய 11 மீட்டர் இறக்கையும் கொண்டது. மாடல் 22இல் மறுபடி 12 மீட்டர் இறக்கை வந்தது. 32ஐயும் 22ஐயும் மிட்சுபிஷி மட்டுமே செய்தது. நகாஜிமா மாடல் 21ஐயே நெடுநாள் தொடர்ந்து செய்துவிட்டு நேரே 52க்குப் போனது. மிட்சுபிஷி 1942லேயே 21ஐ விட்டுவிட்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஆலையிலிருந்தே பச்சை பூசி வந்த மாடல் 21 ஒன்றைக் கண்டால் அது நகாஜிமாவுடையது, ஏனென்றால் ஆலைகள் பச்சை பூசத் தொடங்கியதே 1943 நடுப்பகுதியில்தான். மாடல் 32க்கு நகாஜிமா பாணியில் வளைந்த கோட்டை வரைந்திருக்கும் டெக்கால் படத்தை அப்படியே ஏற்கக் கூடாது. இந்த ஒரு சோதனையே பல வண்ணப் படங்களை வடிகட்டிவிடும்.

படத்தில் உடற்பகுதியின் இடப்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், ஒரு சிறிய ஸ்டென்சில் கட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். விமான வகை, தயாரிப்பு எண், தயாரித்த நாள், படைப்பிரிவு ஆகியவை அதில் எழுதப்படும். கட்டத்தின் அமைப்பும் ஆலைக்கு ஆலை மாறும். தயாரிப்பு எண்களை வரிசை எண்ணாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். மொத்த உற்பத்தி எதிரிக்குத் தெரியக் கூடாதென்று முன் இலக்கங்களை மாற்றி எழுதினார்கள். ஆவணங்களில் ஆண்டு ஷோவா கணக்கில் வந்தால் 1925ஐக் கூட்டுங்கள், ஷோவா 17 என்றால் 1942. விமான வகைப் பெயர்களில் வருவது ஜப்பானியப் பேரரசு ஆண்டின் கடைசி இலக்கங்கள். 2600ஆம் ஆண்டு, அதாவது 1940இல், ஏற்கப்பட்டதால் இது ‘வகை 0’. 2597இல் ஏற்கப்பட்டது ‘வகை 97’, அது 1937.

வாலில் எழுதியிருப்பதைப் படிப்பது

ஜப்பானுக்குத் தனி விமானப்படை இல்லை. கடற்படைக்கு ஒன்று, தரைப்படைக்கு ஒன்று என இரண்டு வான்பிரிவுகள் இருந்தன, இரண்டின் குறிமுறைகளுக்கும் தொடர்பே இல்லை. கடற்படை எழுத்தும் எண்ணும் எழுதியது. தரைப்படை சித்திரம் வரைந்தது.

கடற்படையில் 1941 டிசம்பர் காலத்து விமானந்தாங்கிக் கப்பல்களின் முறை மிக ஒழுங்கானது. முதலில் வரும் ஆங்கில எழுத்து எந்தக் கப்பல் அணி என்பதைச் சொல்லும். அடுத்து வரும் ரோமானிய இலக்கம் அந்த அணியில் எத்தனையாவது கப்பல் என்பது. முதல் அணியின் அகாகி ‘ஏஐ’ (AI), ககா ‘ஏஐஐ’ (AII). இரண்டாம் அணியின் சோர்யு ‘பிஐ’, ஹிர்யு ‘பிஐஐ’. ஐந்தாம் அணியின் ஷோககு ‘இஐ’, சுய்ககு ‘இஐஐ’. நான்காம் அணியின் ர்யூஜோ ‘டிஐ’. உடற்பகுதியில் ஹினோமாருவுக்குப் பின்னால் வரும் பட்டையும் இதையே சொல்லும். முதல் அணிக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், ஐந்தாவதற்கு வெள்ளை. அணியின் முதல் கப்பலுக்கு ஒரு பட்டை, இரண்டாவதற்கு இரண்டு. வால் குறியில் இணைப்புக்கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்று இலக்க எண்ணில் 100 வரிசை போர்விமானம், 200 வரிசை செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் விமானம், 300 வரிசை டார்பிடோ விமானம். வால் துடுப்பில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அது தலைவர் விமானம், கோடு கூடக் கூடப் பதவி உயரும்.

இப்போது ‘பிஐஐ-120’ என்று பார்த்தால் ஹிர்யு கப்பலின் போர்விமானம், இரண்டு நீலப் பட்டை என்று தாளைப் பார்க்காமலே சொல்லலாம். பெர்ல் துறைமுகத் தாக்குதலன்று நீஹாவ் தீவில் விழுந்த ஜீரோ அதுதான். அதன் சிதைவு இன்றும் ஹவாயில், பெர்ல் துறைமுக விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரையிலிருந்து இயங்கிய படைப்பிரிவுகளுக்குக் கோகூதாய் என்று பெயர். போரின் தொடக்கத்தில் இவற்றுக்கு எழுத்துக் குறி: தைனான் கோகூதாய்க்கு ‘வி’, 3ஆம் கோகூதாய்க்கு ‘எக்ஸ்’. 1942 நவம்பர் 1 அன்று பெயர்கள் போய் மூன்று இலக்க எண்கள் வந்தன. தைனான் 251 ஆனது, 3ஆவது 202 ஆனது. அந்த எண்ணுக்கும் பொருள் உண்டு. நூறாமிடம் பணியைச் சொல்லும், 2ம் 3ம் போர்விமானங்கள், 7 தரையிலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானங்கள். பத்தாமிடம் எந்தக் கடற்படை மாவட்டம் என்பதைச் சொல்லும், 5 என்றால் சசேபோ. ஒற்றைப்படையில் முடிந்தால் நிரந்தரப் பிரிவு. ஆனால் எண் மாறிய உடனேயே வாலிலும் அந்த எண் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 251ஆம் பிரிவு 1943இல் தென்மேற்குப் பசிபிக்கின் ரபௌல் தளத்தில் பறந்தபோது வாலில் இருந்தது ‘யுஐ’. எண்ணின் பகுதியை வாலில் எழுதுவது பிற்பாடு பரவியது. 261ஆம் பிரிவு சைப்பான் தீவில் ‘61-120’ என்று முதல் இலக்கத்தை விட்டு எழுதியது. 1945இல் 343ஆம் பிரிவின் ஷிடென்-கய் விமானங்கள் ‘343-ஏ-15’ என்று முழு எண்ணையும் தாங்கின, நடுவிலிருக்கும் எழுத்து உட்பிரிவைக் குறிக்கும்.

தரைப்படையில் அலகுக்குப் பெயர் சென்டாய், அதன் உட்பிரிவு சூதாய். சென்டாய்க்கு வாலில் ஒரு சின்னம், அந்தச் சின்னத்தின் நிறம் சூதாயைக் காட்டும். பர்மாவில் பறந்த 64ஆம் சென்டாயின் ஹயபுசா போர்விமானங்களில் வாலில் சாய்ந்த அம்பு இருக்கும். தலைமையகத்துக்குக் கோபால்ட் நீலம், சூதாய்களுக்கு வெள்ளை, சிவப்பு, மஞ்சள். 50ஆம் சென்டாய்க்கு மின்னல் கோடு. எந்தச் சூதாய்க்கு எந்த நிறம் என்பதை ஒரு சென்டாயில் கண்டுவிட்டு மற்றொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

தரைப்படை விமானங்களின் காலத்தைக் காட்ட மூன்று அடையாளங்கள் உதவும். போரின் தொடக்கத்தில் இவற்றின் உடற்பகுதியில் ஹினோமாரு கிடையாது, இறக்கையில் மட்டும்தான். உடற்பகுதிக்கு அது வந்தது 1942இல். வாலுக்கு முன்னால் வரும் வெள்ளைப் பட்டை போர்க்களப் பிரிவின் அடையாளம். ஹினோமாருவைச் சுற்றி அகலமான வெள்ளைப் பின்னணி போட்டிருந்தால் அது 1944-45இல் ஜப்பான் மண்ணைக் காத்த பிரிவு. 1941 டிசம்பர் என்று எழுதிவிட்டு உடலில் ஹினோமாரு வரைந்த ஹயபுசா படத்தைப் பார்த்தால் நிறுத்தி யோசியுங்கள்.

இரண்டு படைகளுக்கும் பொதுவானது இறக்கையின் முன்விளிம்பில் உட்பாதியில் வரும் மஞ்சள். தம்மவர் தம்மவரையே சுடாமலிருக்க 1942இல் வந்தது. பெர்ல் துறைமுக ஜீரோவுக்கு அதைப் பூசக் கூடாது.

புகைப்படம் பொய் சொல்லாது, ஆனால் நிறத்தை மாற்றிச் சொல்லும்

கறுப்பு வெள்ளைப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஹினோமாருவை. அன்றைய ஃபிலிமில் இரண்டு வகை இருந்தது. பான்க்ரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறங்களையும் உணரும், சிவப்பு நடுத்தரச் சாம்பலாக விழும். ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணரவே உணராது, சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும், மஞ்சள் கறுக்கும். ஹினோமாரு நிறமென்ன என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் அது ஏறக்குறையக் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் இருந்தால், அந்தப் படத்தில் சிவப்பு எழுத்தையும் கறுப்பு எழுத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. நீலப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் ஒன்றுபோலத் தெரியலாம். மஞ்சள் முன்விளிம்பு, பக்கத்துச் சாம்பலோடு கரைந்துபோகலாம். ‘படத்தில் கறுப்பாக இருக்கிறது, எனவே கறுப்பு’ என்று எழுதியவர்களால்தான் பல தவறான டெக்கால்கள் பிறந்தன.

ஒப்பிடும்போது ஒரே படத்துக்குள் ஒப்பிடுங்கள். வால் எண் அந்தப் படத்து ஹினோமாருவைவிட இருண்டதா, வெளிறியதா, அதே அளவா? அதே அளவென்றால் சிவப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வெவ்வேறு படங்களின் சாம்பலை ஒப்பிடுவதில் பயனில்லை. அச்சுத்தாளும் வெளிச்சமும் ஸ்கேனரும் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

படம் இடம்வலம் திருப்பி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண் தெரிந்தால் சிக்கலில்லை. தெரியாவிட்டால் ஜீரோவில் காற்றுவேகம் அளக்கும் பிடாட் குழாய் இடது இறக்கையில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவெடுக்கவும் ஹினோமாருவே உதவும். அது வட்டம். படத்தில் நீள்வட்டமாகத் தெரிந்தால் கேமரா சாய்வாக நின்றிருக்கிறது. வட்டத்தின் உயரம் 40 மி.மீ., அகலம் 30 மி.மீ. என்று வந்தால், அந்த இடத்தில் கிடைமட்ட அளவுகள் எல்லாம் முக்கால் பங்காகச் சுருங்கியுள்ளன. பட்டையின் அகலத்தை அளந்து 40/30 ஆல் பெருக்குங்கள். பிறகு விகிதம் பாருங்கள். பட்டை அகலம் வட்டத்தின் உயரத்தில் 0.3 பங்கு என்று வந்தால், உங்கள் மாதிரியில் வட்டம் 15 மி.மீ. இருக்கும்போது பட்டை 4.5 மி.மீ. இருக்க வேண்டும். வால் எண்ணுக்கு இந்த வட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள். சாய்வான படத்தில் வால் கேமராவிலிருந்து வேறு தூரத்தில் இருக்கும். அதற்குச் சுக்கானின் உயரத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

கைப்பற்றிய விமானங்களில் படம் எடுத்த நாளைக் கேளுங்கள். அலாஸ்காவின் அகுட்டான் தீவில் 1942 ஜூன் 4 அன்று தலைகீழாக விழுந்த ‘டிஐ-108’, தயாரிப்பு எண் 4593, ஜீரோ ஆராய்ச்சியில் பெரிய செல்வம். சதுப்பில் கிடக்கும் படங்கள் அசல் நிறத்தைக் காட்டுகின்றன. பின்னர் சான் டியேகோவில் பறந்த படங்களில் இருப்பதோ அமெரிக்கர் பூசிய நிறம். அந்த விமானம் 1942 பிப்ரவரியில் மிட்சுபிஷியில் தயாரானது, விழும்போது அதற்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதை உரிந்து வெளுத்த கிழட்டு விமானமாகப் பூசுவது தேதிக்கே முரண். இன்னொன்று, முழுக்க வெள்ளை பூசிப் பச்சைச் சிலுவை போட்ட ஜப்பானிய விமானங்கள் 1945இல் சரணடைவுக்குப் பின் பறந்தவை.

ஆவணங்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் 2001இல் தொடங்கிய ஆசிய வரலாற்றுப் பதிவுகள் மையம், லட்சக்கணக்கான ஆவணங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நமக்கு முக்கியமானவை கடற்படை வான்பிரிவுகளின் நடவடிக்கைப் பதிவுகள். எந்த நாள், எந்தக் கப்பல் அல்லது கோகூதாய், யார் யார் எந்த வரிசையில் பறந்தார்கள், எத்தனை குண்டு செலவானது, யார் திரும்பவில்லை என்றெல்லாம் அட்டவணையாக இருக்கும். நேரம் டோக்கியோ நேரம். அதனால்தான் பெர்ல் துறைமுகம் அவற்றில் டிசம்பர் 8.

ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் தேடலாம். பிரிவின் பெயரை விக்கிபீடியாவில் எடுத்து, அதே கட்டுரையின் ஜப்பானியப் பக்கத்துக்குப் போய், தலைப்பைப் படியெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டுங்கள். அட்டவணையின் எண்களும் நேரங்களும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் இந்தப் பதிவுகளில் விமானியின் பெயர் இருக்கும், வால் எண் பொதுவாக இருக்காது. புகழ்பெற்ற விமானியின் பெயரோடு விற்கப்படும் டெக்கால்களை இதை மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும். ஜப்பானிய விமானிகள் பலரும் அன்றைக்கு எது பறக்கத் தயாராக இருந்ததோ அதில் ஏறினார்கள். ஒரு விமானி ஒரு நாளில் ஒரு விமானத்தில் பறந்தார் என்றால், அது அவருடைய விமானம் என்று ஆகிவிடாது. ‘இந்தப் பிரிவின் விமானம், இந்த எண், இந்த மாதம்’ என்று பெயரில்லாமல் செய்வதே நேர்மையான மாதிரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்தது சிதைவுகள். அசல் பூச்சு கண்ணில் படும் இடம் அதுதான், ஆனால் எண்பது ஆண்டு வெயில் அதில் இருக்கிறது. பூச்சின் மேற்பரப்பு காலப்போக்கில் வெளுத்துத் தூளாகும். வெளிச்சம் படாத இடத்தில், பட்டைத்தகட்டின் அடியிலோ மூடியின் உட்புறத்திலோ இருக்கும் நிறமே நம்பத்தக்கது. அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கும் விமானம் வேறு விஷயம். அதன் இன்றைய நிறம் மீட்டெடுத்தவர்களின் முடிவு. அதை உலோக அமைப்புக்கும் ஆணி வரிசைக்கும் ஆதாரமாகக் கொள்ளுங்கள், நிறத்துக்கு அல்ல.

ஜீரோவின் அந்தச் சாம்பல்

நெடுங்காலம் எல்லோரும் தொடக்ககால ஜீரோவை வெளிர்சாம்பலாகவே பூசிவந்தார்கள். யோகோசுகாவிலிருந்த கடற்படை வான்தொழில்நுட்ப ஆலை 1942 பிப்ரவரியில் எழுதிய 0266 எண் அறிக்கை, அப்போதைய ஜீரோவின் நிறத்தை ஜே3 (கடற்படையின் நிறக் குறியீடு) சாம்பல், ஆனால் சற்றே பழுப்புமஞ்சள் பக்கம் சாய்ந்தது என்று குறிப்பிடுகிறது. சிதைவுகளில் கிடைக்கும் துண்டுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. அவற்றில் ஆலிவ் கலந்த சாம்பல் தெரிகிறது, வெறும் வெண்சாம்பல் அல்ல. வெயிலில் அது வெளுத்துச் சாம்பலாவதால் பழைய குழப்பமும் புரிகிறது.

கடையில் பூச்சு வாங்குவதென்றால் டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-76 அல்லது மிஸ்டர் கலர் 128 நல்ல தொடக்கம். எக்ஸ்எஃப்-12 இந்த விமானத்துக்குப் போதாது. வாலிலும் இறக்கையிலும் அசையும் பகுதிகளான சுக்கான், உயர்த்தி, அயிலிரான் ஆகியவை துணி போர்த்தியவை, அவற்றின் நிறம் உலோகப் பகுதியோடு முழுவதும் ஒன்றாது. அதே நிறத்தில் சில துளி வெண்சாம்பல் கலந்து பூசினால் படங்களில் காணும் மெல்லிய வேறுபாடு வந்துவிடும். எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு. புரொப்பெல்லரின் முன்பக்கம் பளபளக்கும் உலோகம், நுனியில் இரண்டு சிவப்புக் கோடு, பின்பக்கம் இருண்ட நிறம். பழுப்புப் புரொப்பெல்லரும் மஞ்சள் நுனியும் பிற்காலம்.

உட்புறத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, காக்பிட் முழுவதையும் ஆவோதாகே என்ற நீலப்பச்சை மினுமினுப்பில் பூசுவது. அது அரிப்பைத் தடுக்க உலோகத்தின் மேல் ஊற்றும் கண்ணாடி போன்ற லேக்கர். கைபடாத உள்ளறைகளில் அது இருக்கும். விமானி உட்காரும் இடத்துக்குத் தனிப் பச்சை.

ஒரு முழு எடுத்துக்காட்டு: திருகோணமலை மீது வந்த ஜீரோ

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானியக் கப்பல் விமானங்கள் தாக்கின. ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் அந்த 9ஆம் தேதிதான். வந்த கப்பல்கள் ஐந்து: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோககு, சுய்ககு. ககா அந்தப் பயணத்தில் இல்லை. ஆகவே ‘ஏஐஐ’ குறியும் இரண்டு சிவப்புப் பட்டையும் போட்ட ஜீரோவை இலங்கை வானில் காட்டினால் அது தவறு.

சுய்ககுவின் போர்விமானம் ஒன்றைச் செய்வோம். காலம்: 1942 ஏப்ரல். மாடல்: 21, ஏனென்றால் 32 இன்னும் கப்பலுக்கு வரவில்லை. தொழிற்சாலை: நகாஜிமா உற்பத்தி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்ததால் மிட்சுபிஷி என்று கொள்வதே பொருத்தம். எனவே முழு விமானமும் ஒரே சாம்பல், உடல் ஹினோமாருவுக்கு வளையம் இல்லை, பச்சை இல்லை, முன்விளிம்பில் மஞ்சள் இல்லை. பிரிவு: ஐந்தாம் அணியின் இரண்டாம் கப்பல், வாலில் ‘இஐஐ-1’ என்று தொடங்கும் எண், உடலில் இரண்டு வெள்ளைப் பட்டை.

இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்பிக்கை அளவை எழுதுங்கள். அதே விமானத்தின் படத்தில் கண்டது ‘அ’. அதே பிரிவு, அதே காலத்துப் பிற விமானங்களிலிருந்து ஊகித்தது ‘ஆ’. பொது வழக்கை வைத்து நிரப்பியது ‘இ’. இந்த விமானத்தில் அடிநிறமும் பட்டைகளும் ‘ஆ’. குறிப்பிட்ட எண் ஒன்றைத் தேர்ந்தால், அதற்குப் படம் கிடைக்கும்வரை அது ‘இ’. இப்படி எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து ஒரு புதிய படம் வரும்போது எதை மாற்ற வேண்டும் என்று உடனே தெரியும்.

வெண்பட்டை இந்தச் சாம்பலின் மேல் அவ்வளவாக எடுத்துக் காட்டாது. படத்திலும் அதனால்தான் அது அடிக்கடி கண்ணுக்குத் தப்புகிறது. பட்டை இல்லை என்று முடிவு செய்யுமுன் பெரிய அளவு ஸ்கேனைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் உலாவும் சிறுபடங்களில் இந்த நுண்மை முதலிலேயே அழிந்துவிடும்.

பூச்சில் கவனிக்க வேண்டியவை

ஹினோமாருவை டெக்காலாக ஒட்டாமல் மறைத்துப் பூசுவது நல்லது. டெக்கால் சிவப்பு பல சமயம் ஆரஞ்சுப் பக்கம் போயிருக்கும், வெள்ளை வளையமும் ஒரு பக்கம் நகர்ந்து அச்சாகியிருக்கும். வளையம் தேவைப்படும் விமானத்தில் முதலில் பெரிய வட்டமாக வெள்ளையைப் பூசிக் காயவிடுங்கள். 75 மி.மீ. என்பது 1/32இல் 2.3, 1/48இல் 1.6, 1/72இல் ஒரு மி.மீ. சொச்சம். வட்டம் வெட்டும் கருவியால் மாஸ்கிங் டேப்பில் அந்த அகல வளையத்தை வெட்டி வெள்ளையின் விளிம்பில் ஒட்டி, நடுவில் சிவப்பு. இறக்கையின் அடிப்புறத்தில் வளையம் வேண்டாம்.

டமியா அக்ரிலிக்கை ஏர்பிரஷில் அடிக்க ஒரு பங்கு பூச்சுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கனமாக ஒரே தடவை அடித்தால் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய கோடுகள் நிரம்பிவிடும், மெல்லிய மூன்று அடுக்காகப் போங்கள். எழுத்து டெக்கால்களுக்கு முன் பளபளப்பு கிளியர், அதாவது நிறமற்ற மேற்பூச்சு, கட்டாயம். சொரசொரப்பான மேற்பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். கடைசி கிளியரைப் பளபளப்பே இல்லாத மேட் பூச்சாக அடிக்காதீர்கள். தொடக்ககால ஜீரோவின் பூச்சு பளபளப்பானது, கடலில் சில மாதம் ஓடிய விமானத்துக்கு அரைப்பளபளப்பு பொருந்தும்.

பூச்சு உரிதலை எங்கே காட்டலாம் என்பதும் ஆராய்ச்சியில் அடங்கும். பிரைமர் போட்டு ஆலையில் பூசிய 1942ஆம் ஆண்டுக் கடற்படை ஜீரோ பாளம் பாளமாக உரியாது. ஏறும் இடத்தில் தேய்மானம், எஞ்சின் மூடியின் திருகுகளைச் சுற்றிச் சிறு கீறல், அவ்வளவே. நியூகினியில் பறந்த 68, 78ஆம் சென்டாய்களின் ஹியென் போர்விமானங்களின் கதை வேறு. வெறும் அலுமினியத்தின் மேல், பிரைமர் இல்லாமல், களத்தில் பச்சையைத் தெளித்தார்கள். பிடிப்பு இல்லாததால் அது தகடு தகடாகப் போனது. அதற்கு முதலில் அலுமினிய நிறம் பூசி, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய கிளியர் அடித்து, அதன் மேல் இரண்டு சீரான அடுக்கு ஹேர்ஸ்ப்ரே அடியுங்கள். பிறகு பச்சை அக்ரிலிக்கைப் பூசி, அது தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த கட்டைத் தூரிகையால் தேயுங்கள். அக்ரிலிக்கை ஓர் இரவு விட்டுவிட்டால் பிறகு நீர் உள்ளே இறங்காது, பச்சை அசையாது. தேய்க்கும் இடமும் படத்தைப் பார்த்தே இருக்கட்டும்: இறக்கை வேர், முன்விளிம்புகள், தரைக்குழுவினர் அடிக்கடி திறக்கும் மூடிகள். ஹினோமாருவும் வால் சின்னமும் வேறு பூச்சு, வேறு அடுக்கு. அவற்றுக்கும் ஹேர்ஸ்ப்ரேக்கும் இடையே கிளியர் போட்டுத் தனியாக வைத்தால் பச்சையோடு சேர்ந்து போகாது.